கரையும் வலையும் நிலைக்கும் வலையும்

அரபு மொழியில் 'ஃபத்க்' என்றொரு சொல் உண்டு. சேர்ந்திருந்தது பிரிதல், தைத்திருந்தது கிழிதல் என்பது அதன் பொருள். அதற்கு நேர் எதிரான சொல் 'ரத்க்'. பிரிந்ததை ஒட்டி மூடுதல். திருக்குர்ஆனின் 'அல் அன்பியா' அத்தியாயத்து 30ஆம் வசனத்தில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வருவதை ஓதியவர்கள் அறிவார்கள். வானமும் பூமியும் பற்றிய அந்த இடத்தை முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நாம் விளக்கி வந்திருக்கிறோம். அதே 'ஃபத்க்' என்ற சொல்லைத்தான் அரபு மருத்துவர்கள் குடலிறக்க நோய்க்கும் வழங்கினார்கள் என்பதையும் பாடத்தினிடையே சொல்லியிருக்கிறோம். அச்சொல் ஒருநாள் நம் அடிவயிற்றிலேயே வந்து அமரும் என்று மட்டும் நாம் எண்ணியதில்லை.

இதை எழுதலாமா, கூடாதா என்று பலநாள் தயங்கினோம். மறைவான இடத்து நோய். குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கும் பத்திரிகை. ஆயினும், இந்தத் தயக்கமே நம் வீட்டில் ஓர் உயிரைப் பறிக்கப் பார்த்தது என்பதை நினைக்கும்போது, எழுதாமல் இருப்பதே பிழை என்று தோன்றியது.

நம் வாப்பா மேலப்பாளையத்தில் கைலித் தறி நெய்தவர். குழித்தறியில் அமர்ந்து கால்மிதியை மிதித்தே காலம் கழித்தவர். பீடிப் பழக்கத்தால் ஓயாத இருமலும் உண்டு. நாம் வேலூரில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், 1984ஆம் ஆண்டு என்று நினைவு, ஊரிலிருந்து தந்தி வந்தது. ஓடோடி வந்து பார்த்தால் வாப்பா மருத்துவமனையில் கிடந்தார். பல ஆண்டுகளாகத் தொடைச்சந்தில் ஒரு வீக்கம் இருந்திருக்கிறது. நின்றால் இறங்கும், படுத்தால் உள்ளே போய்விடும். கைலிக்குள் துணிப்பட்டை கட்டிக்கொண்டு, உம்மாவுக்குக் கூடத் தெரியாமல் மறைத்திருக்கிறார். அன்றிரவு இறங்கிய குடல் மேலே ஏறவில்லை. ஓட்டையின் விளிம்பு கழுத்தை நெரிப்பதுபோல் குடலை நெரிக்க, இரத்த ஓட்டம் நின்று ஒரு சாண் குடல் கறுத்துப் போயிற்று. அதை அறுத்தெடுத்து, மீதியை இணைத்து, ஓட்டையின் இருபுறத்துத் தசையையும் இழுத்து வைத்துத் தைத்தார்கள். அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தார்.

மூன்றாண்டு கழிந்தது. வீக்கம் மறுபடி வந்தது. இன்னொரு முறை தைத்துக்கொள்ளலாம் என்று நாம் சொன்னபோது, வாப்பா பாவு நூலை இழைத்தபடியே சொன்னார்: "துணி கிழிஞ்சா தைக்கலாம்ப்பா. நைஞ்சா தையல் நிக்காது. ஊசி போன இடமே அடுத்த கிழிசல்." பிறகு அவர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. 1996இல் நெஞ்சுநோயால் மறையும்வரை அந்தப் பட்டையோடுதான் வாழ்ந்தார். ஒரு நெசவாளி தம் தொழிலிலிருந்து சொன்ன அந்த வார்த்தை, அறுவை மருத்துவம் நூறாண்டுகளாகப் பட்ட பாட்டின் சாரம் என்பது நமக்கு அப்போது தெரியாது.

குடலிறக்கம் என்பது என்ன? வயிற்றின் முன்சுவர் தசையாலும், நார் போன்ற உறுதியான சவ்வாலும் ஆனது. ஆண்குழந்தை தாயின் கருவில் இருக்கும்போது, அதன் விரைகள் வயிற்றுக்குள் தோன்றி, தொடைச்சந்து வழியாக வெளியே இறங்குகின்றன. இறங்கிய வழி முற்றும் அடைபடாமலோ, அடைபட்டும் பலமின்றியோ போவதுண்டு. இருமல், பளு தூக்குதல், மலச்சிக்கலில் முக்குதல் ஆகியவை உள்ளிருந்து தள்ளத் தள்ள, பலமற்ற இடம் வழிவிடுகிறது. 100 ஆண்களில் 27 பேருக்கும், 100 பெண்களில் 3 பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறை இது வருகிறது என்பது மருத்துவர்களின் கணக்கு. உலகில் ஆண்டுதோறும் 2 கோடிக்கு மேற்பட்டோர் இதற்காக அறுவை செய்துகொள்கிறார்கள். இத்தனை பேருக்கு வரும் நோயை ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே வந்த அவமானமாகக் கருதி மறைப்பது எத்துணை பேதைமை!

இந்த நோயில் இரு வகை உண்டு. விரை இறங்கிய பழைய வழியாகவே குடல் இறங்குவது ஒன்று. இதில் வாசல்தான் அகன்றிருக்கும். சுவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வாசலுக்கு உட்புறமாக, சுவரே மெலிந்து முன்னே துருத்துவது மற்றொன்று. இது வயது ஏறியவர்களிடம் மிகுதி. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னே சொல்லப்போவது இதன்மேல்தான் நிற்கிறது.

இத்தாலியின் பாதுவா நகரில் எதுவார்தோ பசீனி என்னும் மருத்துவர் 1880களில் தசையை அடுக்கடுக்காக இணைத்துத் தைக்கும் முறையைக் கண்டார். வாப்பாவுக்குச் செய்தது அதன் வழிவந்த முறையே. அதன் குறை, எட்ட இருக்கும் இரு விளிம்புகளை இழுத்துச் சேர்ப்பது. இழுவை இருக்கும்வரை தையல் தசையை அறுத்துக்கொண்டே இருக்கும். பின்னர் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிரான்சிஸ் அஷர் என்பவர் பாலிப்ரொப்பிலீன் இழையால் பின்னிய வலையை உடலுள் வைத்துத் தைத்தார். 1980களில் லாஸ் ஏஞ்சலிசில் இர்விங் லிக்டன்ஸ்டைன், விளிம்புகளை இழுக்கவே வேண்டாம், ஓட்டையின்மேல் வலையைப் பரப்பி ஒட்டுப்போட்டால் போதும் என்று காட்டினார். நைந்த துணிக்குத் தையல் நிற்காது, ஒட்டுத்தான் போடவேண்டும் என்று நம் வாப்பா அறிந்திருந்ததும் அதுதான். அந்த ஒட்டு 1984இல் அவர் படுத்திருந்த கட்டிலுக்கு வந்து சேரவில்லை.

பாலிப்ரொப்பிலீன் என்றால் பெரிய மருத்துவப் பொருள் என்று எண்ணவேண்டாம். அரிசிச் சாக்கு நெய்வதும் அந்த இனத்து இழையால்தான். மகாராஷ்டிர மாநிலத்துத் தோண்டாயிசா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், விலையுயர்ந்த வலை வாங்க இயலாத ஏழைகளுக்குக் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். 2003இல் அதன் பலனையும் வெளியிட்டார். பின்னர் உகாண்டா நாட்டில் 302 ஆண்களிடம் இம்மலிவு வலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் மலிவு வலை வைத்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்பியிருந்தது; மற்றவர்களில் எவருக்கும் இல்லை. 2016இல் வெளியான அந்த ஆய்வு, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே முடிந்தது. (இதைப் படித்துவிட்டு வீட்டுக் கொசுவலையைக் கத்தரித்துக்கொண்டு எவரும் மருத்துவரிடம் போகவேண்டாம், கிருமி நீக்கும் முறையும் துணியின் தேர்வும் அவர்கள் வேலை.)

இனி நம் கதைக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு ஒரு நாள் தொழுகையில் இருமியபோது வலத் தொடைச்சந்தில் ஏதோ நெகிழ்ந்தது. தொட்டுப் பார்த்தால் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். அடுத்து நாம் செய்தது என்ன தெரியுமா? எட்டு மாதம் மறைத்தோம். வாப்பாவின் கதையை ஊருக்கெல்லாம் சொன்ன நாமே மறைத்தோம். நிலையிலிருந்து குனியும்போது நம் கை அறியாமல் அங்கே போவதை இல்லாள்தான் கண்டுபிடித்தாள். "மாமா மறைச்சது போதாதா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு நம் கல்வியில் பதில் இல்லை.

உடனே அறுத்துத்தான் ஆகவேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டோம். தொல்லை இல்லாத சிறு குடலிறக்கம் உள்ள ஆண்கள் காத்திருக்கலாம் என்றார். அமெரிக்காவில் 720 ஆண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்களுக்குக் குடல் சிக்கும் ஆபத்து மிகச் சொற்பமாகவே இருந்ததாம். ஆனால், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுக்குள் வலி தாங்காமல் அறுவைக்கே வந்துவிட்டார்கள். "காத்திருப்பது வேறு, மறைப்பது வேறு ஐயா. காத்திருப்பவரை நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்" என்றார் மருத்துவர். நமக்கோ வலி தொடங்கியிருந்தது. அறுவைக்கு இசைந்தோம்.

அப்போதுதான் வலையைப் பற்றிய வினா எழுந்தது. வெளிநாட்டில் பணியாற்றும் நம் மகன் தொலைபேசியில், "வாப்பா, கரைஞ்சு போற வலையும் வந்திருக்காம். அதையே கேளுங்க" என்றான். கேட்டவுடன் மனம் அதில் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்ததும் தானே விடைபெறும் நல்ல விருந்தாளி போன்ற வலை! ஆயுள் முழுதும் உடலில் கிடக்கும் நெகிழிக்கு அது எவ்வளவோ மேல் அல்லவா?

நம் விருப்பத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை மருத்துவரிடம் சொல்லவில்லை. இளமை முதல் ஊரில் பல மய்யித்துகளை நாம் குளிப்பாட்டியிருக்கிறோம். படைத்தவன் தந்த உடலை அவன் தந்தபடியே, அந்நியப் பொருள் எதுவும் இன்றித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றோர் ஆசை மனத்தின் அடியில் கிடந்தது.

கரையும் பொருளைக் கொண்டு உள்ளே தைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. குர்துபா அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்து 1013இல் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதி முழுவதையும் அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கினார். குடலில் பட்ட காயத்தை, விலங்கின் குடலிலிருந்து உரித்தெடுத்த மெல்லிழையால் தைக்கும் முறையை அதில் கூறுகிறார். குடல் இழையை உடல் தானே கரைத்துக்கொள்ளும். குடலிறக்கத்துக்கு அவர் காட்டிய வழிகளுள் ஒன்றோ பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது. சுட்ட புண் ஆறித் தழும்பாக இறுகும். அத்தழும்பே அணையாக நிற்கும். கரையும் வலையின் கொள்கையும் ஏறக்குறைய இதுவே. வலை போய்விடும், அது விளைவித்த தழும்பு நிற்கும்.

இவற்றையெல்லாம் பெருமிதத்தோடு மருத்துவரிடம் எடுத்துரைத்தோம். அந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாரம் பிரித்த பிறகு சுவர் நிற்குமா என்பதுதானே ஐயா கேள்வி?" என்றார். பின் விளக்கினார்.

கரையும் வலைகள் ஒரே தன்மையன அல்ல. தையல் நூலாகவும் பயன்படும் விக்ரில் போன்ற பொருள்களால் ஆனவை சில வாரங்களில் வலுவிழந்து, இரண்டு மூன்று மாதங்களில் மறைந்துவிடும். தழும்பு முதிர்ந்து உறுதிப்படவோ பல மாதங்கள், ஓராண்டு கூட ஆகலாம். அணையைக் கட்டி முடிக்குமுன் சாரம் விழுந்துவிடுகிறது. ஆகவே தொடைச்சந்தில் அதைத் தனியாக வைத்தால் நோய் திரும்புவதே வழக்கம். இக்குறையை நீக்கச் சுவீடனில் நீண்டநாள் நிற்கும் ஒரு வலையை உருவாக்கினார்கள். அதில் இரு வகை இழைகள். ஒன்று ஏறத்தாழ நான்கு மாதத்தில் கரையும்; மற்றது மூன்றாண்டு வரை நின்று மெல்லக் கரையும். சுமையைச் சிறிது சிறிதாகத் தழும்பின்மேல் இறக்கிவிட்டுப் போகும் ஏற்பாடு அது. 40 பேருக்கு அதை வைத்து மூன்றாண்டு கவனித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய வாசல் வழியாக மட்டும் இறங்கிய வகையினர் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. சுவரே மெலிந்த வகையினரில் பலருக்குத் திரும்பிவிட்டது.

"உங்களுக்கு வந்திருப்பது இரண்டாம் வகைபோல் தெரிகிறது. உள்ளே பார்த்தால்தான் உறுதியாகும். வலை கரைந்தபின் தாங்கவேண்டியது உங்கள் சொந்தச் சுவர். அதுதான் ஏற்கெனவே கைவிட்டுவிட்டதே!" என்றார் மருத்துவர். குடலிறக்கம் உள்ளவர்களின் சவ்வில் உறுதியான நார்ப்புரதம் குறைந்தும், மென்மையான வகை மிகுந்தும் காணப்படுவதாகவும் சொன்னார். அப்படியானால், நம் உடல் நெய்துதரும் தழும்பும் அதே நூலால்தானே நெய்யப்படும்? 'நைஞ்சா தையல் நிக்காது' என்ற வாப்பாவின் குரல் அந்த அறையில் கேட்டது.

நிலையான வலையின் குறைகளையும் அவர் மறைக்கவில்லை. அறுவைக்குப் பின் நூற்றில் 10 முதல் 12 பேருக்கு மாதக்கணக்கில் ஏதோ ஒரு வலியோ உறுத்தலோ நீடிக்கிறது. 1 முதல் 3 பேருக்கு அது அன்றாட வாழ்வையே பாதிக்கிறது. வலை மட்டுமே அதற்குக் காரணமன்று. நரம்பு சிக்குவதாலும் வரும். வலையில் கிருமி சேர்ந்தால் அகற்றுவது கடினம். வலை வைப்பது மாயமும் அன்று. 25 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான மதிப்பீட்டின்படி, 46 பேருக்கு வலை வைத்தால் அவர்களில் ஒருவருக்கு நோய் திரும்புவது தடுக்கப்படுகிறது. அதே ஆண்டு வந்த பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் வலையையே பரிந்துரைத்தன. வலை வேண்டாதவர்க்கு, கனடாவில் டாக்டர் ஷோல்டைஸ் வகுத்த அடுக்குத் தையல் முறையைச் சுட்டின. வலையே இன்றி நோயாளியின் சொந்தச் சவ்விலிருந்து ஒரு பட்டையைத் திருப்பித் தைக்கும் முறையைப் புனேயின் டாக்டர் மோகன் தேசர்தாவும் 2001இல் வெளியிட்டிருக்கிறார்.

நம்மவர்க்கென நாம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. உடலோடு கலந்துவிடும் வலைகளில் விலங்குத் தோலாலும் சவ்வாலும் ஆனவையும் இருக்கின்றன. அவற்றுள் சில பன்றியினின்று பெறப்படுபவை. நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதற்கும் இடமுண்டு என்பது சட்டநூல்களின் விதி. ஆனால் வேறு வழி கண்முன் இருக்கையில் நிர்ப்பந்தம் ஏது? நாம் மேலே சொன்ன சுவீடன் வலையும் விக்ரிலும் செயற்கை இழைகள், பாலிப்ரொப்பிலீனும் அவ்வாறே. சாதாரணத் தொடைச்சந்துக் குடலிறக்கத்துக்கு விலங்கு வலை தேவைப்படுவது அரிது. ஆயினும் எதிலிருந்து செய்தது என்று வாய்திறந்து கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் எந்த மருத்துவரும் கோபிப்பதில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறைந்த நண்பர் ஒருவரைக் குளிப்பாட்டிய நாள் நினைவுக்கு வந்தது. விபத்தில் முறிந்த அவர் தொடையில் இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். அந்தக் கம்பியின் உதவியால் அவர் பதினைந்து ஆண்டுகள் எழுந்து நடந்தார், உழைத்தார், பிள்ளைகளைக் கரையேற்றினார். அந்தக் காலைக் கழுவும்போது இது குறையுள்ள உடல் என்று நமக்குத் தோன்றவேயில்லை. உடல் அமானிதம் என்றால், அதைக் கிழிந்தபடி வைத்திருந்து திருப்பிக் கொடுப்பதுதான் பேணுதலா? ஒட்டுப்போட்டாவது அதை வேலை செய்ய வைப்பதன்றோ பேணுதல்! இரவல் வாங்கிய துணி கிழிந்தால் செப்பனிட்டுத் தருபவரையே நாணயமானவர் என்கிறோம். தூய்மை என்று நாம் எண்ணியிருந்தது, உண்மையில் நம் பிடிவாதத்துக்கு நாமே இட்ட பெயர் என்பது விடியுமுன் விளங்கிற்று.

2022இல் அறுவை நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். மருத்துவர் எண்ணியபடி சுவரே மெலிந்திருந்தது. ஏறத்தாழ 15 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் உள்ள, கண் அகன்ற, எடை குறைந்த நிலையான வலையைப் பரப்பினார்கள். அன்று மாலையே நடக்க வைத்தார்கள். சில வாரம் நாற்காலியில் அமர்ந்து தொழுதோம், பளு தூக்கவில்லை. தழும்பின் கீழே ஓர் உள்ளங்கை அகலம் மரத்துப்போயிருந்தது. சுஜூதிலிருந்து எழும்போது உள்ளே அட்டை மடங்குவதுபோல் ஓர் இழுப்பு மூன்று மாதம் வரை இருந்தது. ஓராண்டில் அது மறைந்தது. மரப்பு சிறிதளவு இன்னும் இருக்கிறது. நாம் தப்பித்தோம், நம் மச்சான் ஒருவர் அதே நிலையான வலையை வைத்துக்கொண்டு இன்றும் வலியோடு நடக்கிறார். ஆகவே நாம் தேர்ந்ததே எல்லோர்க்கும் உகந்தது என்று சொல்லமாட்டோம்.

சென்ற ரமலானுக்கு முன், இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, விசைத்தறியில் வேலை செய்யும் ஓர் இளைஞர் அருகே வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார். அவர் கை தொடைச்சந்தில் இருந்தது. மஸ்அலா என்னவென்று அவர் சொல்லுமுன்பே நமக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றோம். பழைய வாசல் வழியாக இறங்கும் முதல் வகை என்றார்; சுவர் நல்ல உறுதியாம். கரையும் வலை, நிலைக்கும் வலை, வலையற்ற தையல் ஆகிய மூன்றையும் அவருக்கு மருத்துவர் விளக்கத் தொடங்கினார். நம் வலையைப் பற்றிச் சொல்ல நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். அவருடைய துணி வேறு. அதற்குரிய ஒட்டும் வேறாக இருக்கலாம். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் அமர்ந்து அவருக்காகக் காத்திருந்தோம்.